மஞ்சள் மருந்துதான்னா அளவையும் சேத்துப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல வர்ற கைவைத்தியப் பக்கத்த ஒரு வாரம் விடாம படிக்கிறவ நான். கத்தரிச்சு வெச்சதே ஒரு ஃபைல் ரொம்பி இருக்கு, அதனால இத ஏதோ திட்டி எழுதுற லெட்டர்னு நினைச்சு ஓரமா போட்டுடாதீங்க, பாதிதான் திட்டு.

போன மாசத்துப் பக்கங்கள மட்டும் எடுத்து வெச்சு எண்ணிப் பாத்தேன். மொத்தம் 11 குறிப்பு. அதுல அளவு சொன்னது 3. மிச்ச எட்டுலயும் 'சிறிதளவு', 'ஒரு கைப்பிடி', 'தேவையான அளவு'. எத்தனை நாளைக்குன்னு ஒண்ணுல கூட இல்ல, 'தினமும் குடித்து வர' அவ்ளோதான், குடிச்சு வர குடிச்சு வர எங்க போய் நிறுத்தறதுன்னு தெரியல. யாரெல்லாம் சாப்பிடக் கூடாதுங்கறது சுத்தமா கிடையாது. ஆனா 'பக்க விளைவுகள் அற்றது'ங்கற வரி மட்டும் ஒம்பதுல இருக்கு! இந்த வரிக்காகத்தான் இந்த லெட்டரே.

நான் பார்மசிஸ்ட். மருந்துக் கடை கவுண்டருக்குப் பின்னாடி 22 வருஷம் நின்னவ. சீட்ட நீட்டுறவங்ககிட்ட எல்லாம் ஒரு கேள்வி கேப்பேன், இது இல்லாம வேற என்ன மருந்து எடுத்துக்கறீங்கன்னு. நூத்துக்கு தொண்ணூறு பேரு ஒண்ணும் இல்லம்மான்னுதான் சொல்லுவாங்க. அதே கேள்விய கொஞ்சம் மாத்தி, காலைல வெறும் வயித்துல ஏதாவது குடிக்கிறீங்களான்னு கேட்டுப் பாருங்க, அப்பதான் வரிசையா வரும், வெந்தயத் தண்ணி, பட்டைத் தண்ணி, ரெண்டு பல்லு பச்சைப் பூண்டு, மஞ்சளும் மிளகும் போட்டது, அதிமதுரம். ஏங்க இத முன்னாடியே சொல்லலன்னு கேட்டா 'அது மருந்து இல்லையே'ம்பாங்க. சரி எதுக்குக் குடிக்கிறீங்க? 'சுகருக்கு நல்ல மருந்தும்மா அது!' ஒரே நிமிஷத்துல ரெண்டு பதிலும் ஒரே வாய்லேர்ந்து வரும், அவங்களுக்கே அது முரணா தெரியாது.

வேற யாரையோ சொல்லிட்டு இருக்கேன், எங்க அக்காவே அப்படித்தான். அவளுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லாம ஓடுற பிரச்சனை, அதுக்காக ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை ரொம்ப வருஷமா சாப்பிடுறா. அந்த மாத்திரை சரியா வேலை செய்யுதான்னு பாக்க ஐஎன்ஆர்னு ஒரு டெஸ்ட், அந்த நம்பர் ஏற ஏற ரத்தம் உறைய நேரமாகுதுன்னு அர்த்தம், அவளுக்கு அது 2-லேர்ந்து 3-க்குள்ள இருக்கணும், இருந்துட்டும் இருந்துச்சு. திடீர்னு பல்லு தேய்க்கும்போது ஈறுல ரத்தம் நிக்க மாட்டேங்குது, கையில இடிச்சுக்காமலே கன்னிப்போன மாதிரி திட்டு திட்டா நீலம். டெஸ்ட் எடுத்தா 6-ஐ தாண்டி நிக்குது. டாக்டர் கேக்குறாரு, புதுசா ஏதாவது சாப்பிட்டீங்களா? 'ஒண்ணுமே இல்ல டாக்டர்'. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், அக்கா அந்த டேபிள்மேல ஒரு டப்பா இருக்கே அது என்னன்னேன். 'அதுவா, அது மஞ்சள்தானேடி'. மூட்டு வலிக்குன்னு மஞ்சள் சத்தும் மிளகு சத்தும் அடைச்ச கேப்சூல், மூணு வாரமா காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. வாங்கும்போது மருந்துன்னுதான் வாங்கியிருக்கா, டாக்டர் கேட்டதும் அது சாப்பாடா மாறிடுச்சு. எங்கக்கா படிக்காதவ எல்லாம் இல்ல சார், ஸ்கூல்ல கணக்கு சொல்லிக் குடுத்தவ.

இது அவ ஒருத்திக்கு வந்த அதிசயமும் இல்ல. நியூசிலாந்துல மருந்துப் பாதுகாப்பு பாக்குற மெட்சேஃப் அமைப்பு 2018-ல இதே மாதிரி ஒரு கேஸ சொல்லி எச்சரிக்கை விட்டுச்சு. வார்ஃபரின்ல ஒழுங்கா போயிட்டு இருந்த ஒருத்தர் மஞ்சள் தயாரிப்பு ஒண்ண ஆரம்பிச்ச சில வாரத்துல ஐஎன்ஆர் 10-ஐ தாண்டிப் போயிருக்கு.

இப்ப மஞ்சள்-மிளகு ஜோடி விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா உங்க பக்கத்துல இதுதான் அடிக்கடி வருது. மஞ்சள்ல வேலை செய்யுற பொருள்னு சொல்றது குர்குமின். மஞ்சத் தூள்ல அது சுமாரா 3 சதவீதம்தான் இருக்கும், அதாவது ஒரு டீஸ்பூன் தூள் 3 கிராம்னு வெச்சா அதுல குர்குமின் 90 மில்லிகிராம், அந்த 90-லயும் பெரும்பங்கு ரத்தத்துல சேராமலே வெளிய போயிடும். மிளகுல இருக்குற பைப்பரின் கூட சேந்தா குர்குமின் 2,000 சதவீதம் அதிகமா உடம்புல சேருதுன்னு 1998-ல பெங்களூர்ல செஞ்ச ஆராய்ச்சி சொல்லுது, எல்லாரும் ஃபார்வர்ட் பண்றது அந்த நம்பரத்தான். ஆனா அந்த ஆராய்ச்சியில மனுஷங்களுக்கு குடுத்தது 2 கிராம் சுத்தமான குர்குமின். அதுக்கு ஈடா தூளா சாப்பிடணும்னா 60 கிராமுக்கு மேல, இருவது டீஸ்பூன் ஆச்சு, யாராவது சாப்பிடுவாங்களா! அப்போ சமையல்ல போடுற மஞ்சளுக்கும் அந்த கேப்சூலுக்கும் பேரு மட்டும்தான் ஒண்ணு.

மிளகு எப்படி அந்த வேலைய செய்யுதுன்னு யோசிச்சா பயம் இன்னும் நல்லா புரியும். வெளிலேர்ந்து வர்ற பொருள உடைச்சு அனுப்புறதுக்கு கல்லீரல்லயும் குடல்லயும் சில நொதிகள் இருக்கு, பைப்பரின் அந்த நொதிகள கொஞ்ச நேரம் கட்டிப் போட்டுடுது. கட்டிப் போட்டா குர்குமின் தப்பிச்சு ரத்தத்துக்குப் போயிடும், சந்தோஷம்தான், ஆனா அதே கதவு வழியாதான் நாம சாப்பிடுற பல மாத்திரைகளும் வெளிய போகணும், அதுங்களும் உள்ளயே தங்கிடும். வலிப்புக்கு குடுக்குற ஃபெனிடாயின், மூச்சு இரைப்புக்கு குடுக்குற தியோஃபிலின், ப்ரஷருக்கும் படபடப்புக்கும் குடுக்குற ப்ராப்ரனலால், இது மூணுமே பைப்பரின் கூட ரத்தத்துல கூடுதலா ஏறுறத மனுஷங்ககிட்டயே பாத்திருக்காங்க. அந்த ஆராய்ச்சிகள்ல குடுத்த பைப்பரின் 20 மில்லிகிராம் சுமாருதான். மிளகுல பைப்பரின் 5-லேர்ந்து 9 சதவீதம் இருக்குன்னா அரை கிராம் மிளகுலயே அது அடங்கிடும். கேப்சூல்ல அடைக்கிறது சுத்தமா பிரிச்சு எடுத்த சத்து, அது இன்னும் நேரா போய் வேலைய காட்டும்.

இப்படி எழுதுறதால நான் கைவைத்தியத்துக்கு எதிரின்னு நினைச்சுக்காதீங்க. குமட்டலுக்கு இஞ்சி நிஜமாவே கேக்குது, கர்ப்பமா இருக்கும்போது வர்ற குமட்டலுக்கும் சேத்துதான். ஆராய்ச்சிகள்ல பெரும்பாலும் குடுத்தது ஒரு நாளைக்கு மொத்தமா ஒரு கிராம் இஞ்சிப் பொடி, அதையும் மூணு நாலு தடவையா பிரிச்சு. அந்த அளவு போதும். பச்சை இஞ்சில இருக்குற ஜிஞ்சரால் காயும்போது ஷோகாலா மாறுது, அதான் சுக்கு இஞ்சிய விட சுரீர்னு இருக்கு. கிராம்பும் அப்படித்தான், அதுல இருக்குற யூஜினாலத்தான் பல் டாக்டருங்க ஜிங்க் ஆக்சைடோட குழைச்சு பல்லுல தற்காலிகமா அடைக்கிறாங்க, பல் வலிக்கு கிராம்பக் கடிச்சுட்டு இருந்தா மரத்துப் போறது மனப்பிரமை கிடையாது. புதினா எண்ணெய குடல்ல போய் கரையுற மாதிரி கேப்சூலா பண்ணி குடல் எரிச்சல் நோய்க்கு டாக்டருங்களே குடுக்குறாங்க, ஆனா நெஞ்செரிச்சல் இருக்குறவங்களுக்கு அதே புதினா எரிச்சல இன்னும் கிளப்பி விடும். இருமலுக்குத் தேனும் நல்லதுதான், ஒரு வயசு முடியாத குழந்தைக்கு மட்டும் கூடவே கூடாது, அதுல பொட்டுலிசம் கிருமியோட வித்து இருக்கலாம், சின்னக் குழந்தையோட குடல்ல அது முளைச்சு விஷமாயிடும். இந்த 'மட்டும் கூடாது'ங்கற வார்த்தைதான் உங்க பக்கத்துல காணோம்.

கிராம்புன்னதும் இன்னொண்ணு. உங்க குறிப்பு ஒண்ணுல 'கிராம்பு அல்லது கிராம்பு எண்ணெய்'னு போட்டிருந்தீங்க, ஏதோ ரெண்டும் ஒண்ணு மாதிரி. கிராம்பு எண்ணெய்ல முக்காவாசிக்கு மேல யூஜினால்தான் இருக்கும். ஒண்ணு ரெண்டு டீஸ்பூன் எண்ணெய் குடிச்ச சின்னக் குழந்தைங்க மயக்கமாகி, வலிப்பு வந்து, கல்லீரல் கெட்டு ஐசியூ வரைக்கும் போன கேஸ் மருத்துவப் பத்திரிகைகள்ல பதிவாகி இருக்கு. எந்த எண்ணெயா இருந்தாலும் சரி, செடிய கிலோ கணக்குல பிழிஞ்சு எடுத்தது அது, பாட்டில் சின்னதா இருக்கேன்னு ஏமாந்துடக் கூடாது.

பட்டை! இத சொல்லாம விட முடியாது. சுகர் குறையும், எடை குறையும்னு தினமும் ஒரு ஸ்பூன் பட்டைப் பொடி குடிக்கச் சொல்லி மூணு தடவை வந்துடுச்சு. எந்தப் பட்டைன்னு போடணும் சார். மெல்லிசா, காகிதம் சுருட்டுன மாதிரி அடுக்கடுக்கா இருக்கறது இலங்கைக் கருவாப்பட்டை. தடிமனா, ஒரே ஒரு மடிப்பா, உடைக்கவே கஷ்டமா இருக்கறது கேசியா, பெரும்பாலும் சும்மா 'பட்டை'ன்னு கைக்கு வர்றது இதுதான். கேசியால குமரின்னு ஒரு பொருள் இருக்கு, சிலரோட கல்லீரலுக்கு அது ஒத்துக்கறதில்ல. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு சொல்ற வரம்பு உடம்பு எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம் குமரின். 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். கேசியால ஒரு கிராமுக்கு சராசரியா 3 மில்லிகிராம்னு ஜெர்மனிக்காரங்க கணக்கு, ஆக 2 கிராம்லயே கோட்டா முடிஞ்சுது. ஒரு டீஸ்பூன் பட்டைப் பொடி ரெண்டரை கிராம் வரும். எப்பவாவது ஒரு நாள்னா ஒண்ணும் ஆகாது, ஆனா நீங்க சொல்றது 'தினமும் குடித்து வர'. இலங்கைப் பட்டைல குமரின் பேருக்குத்தான் இருக்கும். ஒரே ஒரு வார்த்தை, 'இலங்கைக் கருவாப்பட்டை'ன்னு சேத்திருந்தா போதும், இடமும் அடைக்காது.

பூண்டுல நானே மாட்டுனவ, அதையும் சொல்லிடறேன், ஊருக்கு உபதேசம்னு யாரும் நினைக்க வேணாம். கணுக்கால் வீக்கத்துக்கு பச்சைப் பூண்ட நசுக்கி வெச்சு துணியால கட்டிட்டு தூங்கிட்டேன். காலைல பாத்தா தோல் வெந்து கொப்புளம், வடு இன்னும் இருக்கு. பூண்ட நசுக்கும்போதுதான் அதுல இருக்குற அல்லீன் அல்லிசினா மாறுது, அது கிருமிய எரிக்கிற மாதிரியே தோலையும் எரிக்கும். பார்மசிஸ்ட் வேலை பாத்துட்டு இது தெரியலையான்னு வீட்ல ஒரே சிரிப்பு, தெரியும்தான், பூண்டுதானேன்னு ஒரு அலட்சியம். சாப்பிடறதுலயும் பூண்டு சும்மா இல்ல, ரத்தம் உறையறத கொஞ்சம் மெதுவாக்கும், ஆபரேஷனுக்கு முன்னாடி பூண்டு மாத்திரையெல்லாம் ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்றதுக்கு அதான் காரணம். இந்த விவரம் உங்க பக்கத்துல வந்தா எத்தனை பேருக்கு உபயோகம்.

அதிமதுரம் பத்தி சுருக்கமா. தொண்டைக்கு நல்லது, ரெண்டு நாள் மெல்லலாம். அதுல இருக்குற கிளைசிரைசின் உடம்புல உப்பத் தேக்கி வெச்சு பொட்டாசியத்த வெளிய தள்ளும், ப்ரஷர் ஏறும். அமெரிக்காவுல 54 வயசுக்காரர் ஒருத்தர், அதிமதுரம் சேத்த கறுப்பு மிட்டாய தினமும் ஒரு பையிக்கு மேல சில வாரம் தின்னு பொட்டாசியம் தரைக்குப் போய் இதயம் நின்னு செத்தே போனாரு, 2020-ல பெரிய மருத்துவப் பத்திரிகையில அந்தக் கேஸ் வந்துச்சு. ப்ரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க அத தினமும் குடிச்சா மாத்திரை ஒரு பக்கம் இழுக்கும் அதிமதுரம் ஒரு பக்கம் இழுக்கும், நடுவுல டாக்டர் டோஸ ஏத்திக்கிட்டே இருப்பாரு.

அப்புறம் கைவைத்தியம் பலிக்கும்ங்கறதுக்கு எல்லாரும் காட்டுற ரெண்டு சாட்சி இருக்கு. ஒண்ணு மஞ்சள் பேட்டன்ட் கேஸ், 'அமெரிக்காவே ஒத்துக்கிச்சு'ன்னு. நடந்தது என்னன்னா, புண்ணு ஆற மஞ்சள் போடறதுக்கு 1995-ல அங்க பேட்டன்ட் குடுத்துட்டாங்க, நம்ம அரசாங்க ஆராய்ச்சி அமைப்பு சிஎஸ்ஐஆர் எதிர்த்து வழக்காடி 1997-ல அத ரத்து பண்ண வெச்சுது. இது பழசு, எங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சதுன்னு நிரூபிச்சதால ரத்தாச்சு. எல்லா வியாதிக்கும் மஞ்சள் கேக்கும்னு அங்க யாரும் தீர்ப்பு எழுதல.

ரெண்டாவது சாட்சி நோபல் பரிசு. சீனாவோட தூ யூயூ அம்மாவுக்கு 2015-ல குடுத்தாங்க, மலேரியாவுக்கு மூலிகை மருந்து கண்டுபிடிச்சதுக்கு. இந்தக் கதைய எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா இது நான் சொல்ல வர்றதையேதான் சொல்லுது. அந்தச் செடிய வழக்கம் போல கொதிக்க வெச்சு எடுத்தப்ப சரியா வேலை செய்யல. 4-ம் நூற்றாண்டு குறிப்பு ஒண்ணுல ஒரு கைப்பிடி செடிய இவ்ளோ தண்ணில ஊற வெச்சு பிழிஞ்சு சாறக் குடின்னு இருந்துச்சு. பிழியத்தான் சொல்லியிருக்கான், கொதிக்க வைக்கச் சொல்லலையேன்னு அந்தம்மாவுக்குப் பொறி தட்டுச்சு, சூடு குறைச்சு ஈதர்ங்கற கரைப்பான்ல பிரிச்சு எடுத்தாங்க, 1971-ல பலிச்சுது. அந்தப் பழைய குறிப்ப எழுதுன ஆளு 'சிறிதளவு மூலிகையை எடுத்துக் குடித்து வர'ன்னு மட்டும் எழுதியிருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும். இத்தனைக்கும் அந்தச் செடிய டீ போட்டுக் குடிக்காதீங்கன்னுதான் உலக சுகாதார நிறுவனம் இன்னிக்கும் சொல்லுது, டீல மருந்து எவ்ளோ இறங்குதுன்னு நிச்சயம் கிடையாது, அரைகுறை அளவு போனா கிருமிதான் பழகிக்கும்.

நம்ம வைத்தியர்களும் ஒண்ணும் அளவில்லாம அள்ளிக் குடுத்தவங்க இல்லையே. வராகனெடைன்னா நாலு கிராம் சொச்சம், அதுக்குக் கீழயும் மேலயும் எடை வெச்சிருந்தாங்க. எதோட சேத்துக் குடுக்கணும்னு அனுபானம், தேனா பாலா வெந்நீரான்னு. எத்தனை நாள்னு கணக்கு, அரை மண்டலமா ஒரு மண்டலமா. கூட பத்தியம். சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சுன்னு சொல்லி சுக்குக்கு மேல்தோல சீவித் தள்ளி, கடுக்காய்க்கு உள்ள கொட்டைய எடுத்துப் போட்டுத்தான் சேப்பாங்க. 'நஞ்சு'ங்கற வார்த்தைய அவங்களே பயமில்லாம சொன்னாங்க சார், நாமதான் அளவையும் அனுபானத்தையும் பத்தியத்தையும் கழட்டிட்டு பேர மட்டும் வெச்சுக்கிட்டு 'பாரம்பரியம்'னு போட்டுக்கறோம். பாரம்பரிய வைத்தியர் ஒருத்தர்கிட்ட உங்க பக்கத்த நீட்டுனா என்னை விட அதிகமா அவர்தான் கோவப்படுவாரு.

கலப்படம் வேற. மஞ்சள் பளிச்னு தெரிய லெட் குரோமேட்ங்கற ஈயச் சாயம் கலக்கறது பங்களாதேஷ்ல 2019-ல பெருசா வெளிய வந்துச்சு, பாத்த மாதிரிகள்ல 47 சதவீதத்துல ஈயம். அரசாங்கம் அபராதம், சோதனைன்னு இறங்குனதும் 2021-ல அது பூஜ்யமாச்சு, கேக்கவே சந்தோஷமான செய்தி. ஆனா மருந்துன்னு ஸ்பூன் ஸ்பூனா சாப்பிடச் சொல்றவங்க, எந்தத் தூள், எப்படிப் பாத்து வாங்கறதுன்னும் ஒரு வரி சொல்லணுமில்ல. முழு விரலி மஞ்சளா வாங்கி அரைச்சுக்கங்கன்னு போட்டாலே பாதி பிரச்சனை தீரும், முழுசு கூட ரொம்பப் பளபளன்னு மின்னுனா வேணாம்னு சேத்துக்கலாம்.

சரி, நான் கேக்கறது என்ன. அந்தப் பக்கத்த நிறுத்தாதீங்க, நிறுத்துனா முதல்ல நான்தான் ஃபோன் பண்ணி சண்டை போடுவேன். ஒவ்வொரு குறிப்புக்கும் கீழ ஒரு சின்னக் கட்டம் போடுங்க. எவ்ளோ, கிராமோ டீஸ்பூனோ. எத்தனை நாள், அதுக்குள்ள கேக்கலன்னா டாக்டர். யாருக்கு வேணாம், கர்ப்பிணியா, குழந்தையா, கல்லீரல் பிரச்சனை உள்ளவங்களா. எந்த மாத்திரையோட ஆகாது. வெந்தயம்னா, சுகர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு சுகர் ரொம்பக் கீழ இறங்கலாம், அதோட கொழகொழப்பு மத்த மாத்திரைய மெதுவாக்கும், அதனால ரெண்டு மணி நேரம் தள்ளி எடுத்துக்கங்கன்னு, இப்படி நாலே வரி. எழுதித் தர ஒரு சித்த மருத்துவரும் ஒரு பார்மசிஸ்ட்டும் சேந்து உக்காந்தா அரை மணி நேர வேலை, பார்மசிஸ்ட்டுக்கு ஆள் தேட வேணாம், நான் சும்மாத்தான் இருக்கேன், காசு எதுவும் வேணாம்.

'பக்க விளைவுகள் அற்றது' வரிய மட்டும் தயவுபண்ணி எடுத்துடுங்க. வேலை செய்யுற பொருள் எதுவா இருந்தாலும் வேற எங்கயாவது கை வைக்கத்தான் செய்யும். அந்த வரிய நம்பித்தான் எங்கக்கா டாக்டர்கிட்ட வாயத் திறக்கல.

அவ இப்ப நல்லா இருக்கா. வார்ஃபரின ரெண்டு நாள் நிறுத்தி, திரும்ப ஆரம்பிச்சு, ஐஎன்ஆர் 2.4-க்கு வந்து நின்னுடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கொண்டு போற மாத்திரை லிஸ்ட்ட நான்தான் புதுசா எழுதிக் குடுத்தேன், அதுல கடைசில அவளே தன் கையெழுத்துல சேத்திருக்கா, 'மஞ்சள் கேப்சூல், நிறுத்தியாச்சு. இஞ்சி டீ, ஒரு கப்பு. பூண்டு, சமையல்ல மட்டும்.'

இப்படிக்கு,
உங்க ஞாயித்துக்கிழமை வாசகி